வீட்டு ரெக்கோர்டிங்குக்குத் தனி மைக் பிரீஅம்ப்: வாங்கத்தான் வேணுமா?

#1 வெள்ளவத்தை_வீணை

வணக்கம் எல்லாருக்கும். இப்ப கையில இருக்கிறது ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 (மூன்றாம் தலைமுறை) எண்ட இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கணினியோட சேர்க்கிற பெட்டி, அதோட ஷுவர் எஸ்எம்7பி டைனமிக் மைக் ஒண்டு. கர்நாடகப் பாட்டும் வீணையும் பதியுறன். பாட்டுக்கு கெயின் (மைக் சத்தத்தைப் பெருக்கிற அளவு) முக்கால்வாசி திருப்பினால் போதும். வீணைக்கு முழுக்கத் திருப்பியும் லெவல் காணாது, அதைக் கூட்டினால் பின்னால "ஸ்ஸ்" எண்டு இரைச்சல் வருது. அறை மூன்றாம் மாடியில, வாகனம் ஓயாத கொழும்புக் காலி (Galle) வீதிப் பக்கம்.

மூன்று வழி யோசிக்கிறன். கிளவுட்லிஃப்டர் மாதிரி ஒரு பூஸ்டர் (மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில போட்டு லெவலைக் கூட்டுற சின்னப் பெட்டி). நீவ் 1073 எண்ட பழைய ஸ்டூடியோக் கருவியின்ர பாணியில தனி பிரீஅம்ப் (மைக்கின்ர சின்ன சிக்னலைப் பெருக்கிற கருவி) ஒண்டு. இல்லாட்டி இன்டர்ஃபேஸையே மாத்திறது. எது சரி?

#2 பம்பலப்பிட்டி_பேஸ்

எஸ்எம்7பி எண்டால் கிளவுட்லிஃப்டர் கட்டாயம். கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கோ.

#3 கம்பியும்_ஈயமும்

கண்ணைத் திறந்து ஒருக்கா கணக்குப் பாத்திட்டு வாங்குவம்.

எஸ்எம்7பியின்ர உணர்திறன் −59 டிபிவி (1 வோல்ட்டை 0 எண்டு வைச்ச டெசிபல் அளவு). 94 டெசிபல் சத்தம் மைக்கில பட்டால் அவ்வளவு வோல்ட் வெளிய வரும் எண்டு அர்த்தம். 15 சென்ரிமீற்றரில நிண்டு பாடினால் சராசரியா 90 டெசிபல் எண்டு வையுங்கோ. அப்ப மைக் தாறது −63 டிபிவி. 2.2ஐக் கூட்டினால் டிபியூ (0.775 வோல்ட்டை 0 எண்டு வைச்ச அளவு): கிட்டத்தட்ட −61.

2ஐ2 இல கெயின் அடியில இருக்கேக்க மைக் உள்ளீடு தாங்கக்கூடியது +9 டிபியூ. கெயின் வீச்சு 56. அப்ப முழுக்கத் திருப்பினால் −47 டிபியூ வந்தாலே மீற்றர் உச்சியைத் தொடும். சராசரி −20 டிபிஎஃப்எஸ்ஸில (மீற்றர் உச்சியை 0 எண்டு வைச்ச அளவு) நிக்க உங்கட பாட்டுக்கு 50 டெசிபல் கெயின் போதும். 56 இருக்கு. "எஸ்எம்7பிக்கு பூஸ்டர் கட்டாயம்" எண்ட கதை பாட்டு விஷயத்தில இங்கயே முடிஞ்சுது.

வீணை வேற. 30 சென்ரிமீற்றரில சராசரி 65 டெசிபல் எண்டு எடுத்தால் மைக் தாறது −88 டிபிவி, அதாவது −86 டிபியூ. வேண்டிய கெயின் 75. உங்களிட்ட 56. 19 டெசிபல் குறையுது. நீங்கள் கேக்கிற கேள்வி உண்மையில இந்த 19ஐப் பற்றித்தான்.

#4 பம்பலப்பிட்டி_பேஸ்

அதைத்தானே நானும் சொன்னன்! கிளவுட்லிஃப்டர் 25 டெசிபல் தரும், ஃபெட்ஹெட் எண்ட மற்றப் பூஸ்டர் 27. குறை தீர்ந்துது.

#5 கம்பியும்_ஈயமும்

லெவல் தீரும். இரைச்சல் தீருமோ எண்டு தனியாப் பாக்க வேணும். ரெண்டையும் ஒண்டாக் குழப்பிறதாலதான் கனபேர் காசைக் கொட்டுறது.

2ஐ2இன்ர உள்ளீட்டு இரைச்சல் −128 டிபியூ எண்டு கொம்பனி சொல்லுது (ஏ எடையோட, அதாவது காதுக்குக் குறைவாக் கேக்கிற அதிர்வெண்களைக் குறைச்சு எண்ணி). டிபிவியில −130. இதை மைக்கின்ர உணர்திறனோட சேத்து, அறையில கேக்கிற சத்த அளவா மாத்தலாம்: −130 + 59 + 94 = 23 டெசிபல். அதாவது, ஒரு இரைச்சலும் இல்லாத பிரீஅம்ப் ஒண்டைப் போட்டு, அறையில 23 டெசிபலுக்கு ஒரு இரைச்சலை ஓட விட்டால் எப்பிடியோ, உங்கட 2ஐ2 இப்ப அப்பிடி.

வீணை 65, இரைச்சல் 23. இடைவெளி 42 டெசிபல். பெரிசில்லைத்தான். ஆனா காலி வீதிப் பக்கம், ஃபேன் ஓடுற அறை ஒண்டு எவ்வளவு இருக்கும்? 40க்குக் கிட்ட இருந்தால் ஆச்சரியப்பட மாட்டன். அப்ப உங்களுக்குக் கேக்கிற "ஸ்ஸ்"ஸில பிரீஅம்பின்ர பங்கு எவ்வளவு?

இன்னொண்டு. 150 ஓம் மூலம் ஒண்டு (இந்த மைக்கும் அப்பிடித்தான்) அறை வெப்பத்தில சும்மா கிடந்தாலே 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு −131 டிபியூ இரைச்சல் தரும். அது இயற்பியல், ஆராலும் குறைக்கேலாது. ஏ எடை போட்டால் இன்னும் ரெண்டு டெசிபல் இறங்கும். ஆகவே −128ஐ விட எந்த பிரீஅம்ப், எந்த பூஸ்டர் வந்தாலும், என்ன விலை குடுத்தாலும், இந்த மைக்கில அதிகபட்சம் 4, 5 டெசிபல்தான் மிச்சம். பழைய மலிவு இன்டர்ஃபேஸ் ஒண்டில −115 எண்டு கிடந்தால் கதை வேற. அங்க பூஸ்டர் பளிச்செண்டு வித்தியாசம் காட்டும்.

#6 வெள்ளவத்தை_வீணை

அண்ணை, அப்ப லெவல் குறைவா இருக்கிறதை என்ன செய்யிறது? −39 டிபிஎஃப்எஸ்ஸில (−20ஐ விட அந்த 19 கீழ) பதிஞ்சு மென்பொருளில கூட்டினால் பிழை இல்லையா?

#7 கம்பியும்_ஈயமும்

பிழை இல்லை. கெயின் முழுக்க இருக்கேக்க பிரீஅம்பின்ர இரைச்சல் −81 டிபிஎஃப்எஸ்ஸில கிடக்கும் (−128 + 47). 24 பிட்டில பதிஞ்சால் கன்வேட்டரின்ர (சிக்னலை டிஜிட்டல் எண்ணா மாத்துற பகுதி) சொந்த இரைச்சல் அதுக்குக் கீழ, கண்காணாத தூரத்தில. பிறகு 19 டெசிபல் கூட்டினால் சத்தமும் இரைச்சலும் ஒண்டாத்தான் ஏறும், இடைவெளி மாறாது. 16 பிட்டில பதியாதேங்கோ, அவ்வளவுதான்.

#8 தெமட்டகொட_நானா

கணக்கு சரி. ஆனா ஒரு விஷயம் விட்டுப்போச்சு. வாசிக்கிறவருக்கு ஹெட்போன்ல டைரக்ட் மொனிட்டர் போகுது. அந்தச் சத்தம் மென்பொருளுக்குப் போக முன்னமே பிரியுது, அதால பிறகு கூட்டுற கெயின் அதுல வராது. வீணை −39ல இருந்தா காதுல ஒண்டும் கேட்காது. வாசிக்கிறவர் கையை அழுத்தி மீட்டத் தொடங்குவார், கமகம் எல்லாம் கெட்டுப்போகும். பூஸ்டருக்கு நியாயமான காரணம் என்டா இதுதான். இரைச்சல் இல்ல.

வாங்குறதா இருந்தா ரெண்டு விஷயம். பூஸ்டர் 48 வோல்ட் ஃபாண்டம்லதான் (மைக் கேபிளாலயே இன்டர்ஃபேஸ் அனுப்புற மின்சாரம்) ஓடும், இன்டர்ஃபேஸ்ல சுவிட்சைப் போடணும். அந்த 48 வோல்ட்டை அது மைக்குக்கு அனுப்பாது. டைனமிக், ரிப்பன் (இந்த மின்சாரம் தேவைப்படாத மைக் வகைகள்) ரெண்டுக்கும் அதுதான் பாதுகாப்பு. கொன்டென்சரை (அந்த 48 வோல்ட்ல ஓடுற மைக் வகை) அதுல கொழுவினா மைக் வேலை செய்யாது. "பூஸ்டர் பழுது" என்டு கடையில கொண்டுபோய்ச் சண்டை பிடிக்கவேணாம்.

#9 கம்பியும்_ஈயமும்

நானா சொன்ன ஹெட்போன் விஷயம் முழுக்கச் சரி, ஒப்புக்கொள்ளுறன்.

ஆனா வீணைக்கு என்ர தெரிவு பூஸ்டரும் இல்லை, பிரீஅம்பும் இல்லை. மைக்கை மாத்திறது. ரோட் என்டி1-ஏ எண்ட கொன்டென்சர் மைக்கின்ர உணர்திறன் −32 டிபிவி, எஸ்எம்7பியை விட 27 டெசிபல் கூட. அதே 65 டெசிபல் வீணைக்கு 48 கெயின் காணும். இரைச்சல் கணக்கையும் போடுங்கோ: −130 + 32 + 94 = −4 டெசிபல். மைக்கின்ர சொந்த இரைச்சலே 5. பிரீஅம்ப் அதுக்கும் கீழ ஒளிஞ்சு போச்சு. ஓடியோ டெக்னிக்கா ஏடி2020 எண்டால் உணர்திறன் −37, சொந்த இரைச்சல் 20. அங்கயும் பிரீஅம்ப் ஒரு பொருட்டில்லை. கொன்டென்சர் பாவிக்கிறவர் "இரைச்சல் குறைய" எண்டு பிரீஅம்ப் வாங்குறது, வீட்டுக் கூரை ஒழுக வாசலுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி.

கொன்டென்சரால அறைச் சத்தம் கூட வரும் எண்டு ஆராவது சொல்லுவினம். ஒரே தூரத்தில, ஒரே லெவலுக்குக் கொண்டுவந்து பாத்தால் அப்பிடிப் பெரிய வித்தியாசம் இல்லை. எஸ்எம்7பியை ஆக்கள் வாயோட ஒட்டிப் பாவிக்கிறதால வந்த நம்பிக்கை அது.

#10 பம்பலப்பிட்டி_பேஸ்

சரி அண்ணை, எண்ணுக்கு எண் பதில் சொல்ல எனக்கு ஏலாது. ஆனா 1073 வாங்குறவை இரைச்சல் குறைக்கவோ வாங்குறவை? அந்த நிறத்துக்கு, அதாவது அது சத்தத்துக்குச் சேர்க்கிற தனித் தொனிக்கு. நீவ் 1073 வந்தது 1970இல, உள்ளீட்டிலயும் வெளியீட்டிலயும் ட்ரான்ஸ்ஃபோமர். சிக்னல் கூடி ட்ரான்ஸ்ஃபோமர் அதின்ர எல்லைக்கு நிறையத் தொடங்கேக்க அடி ஸ்வரங்களுக்கு ஒரு தடிப்பு வரும், தாளவாத்தியத்தின்ர முனை மழுங்கும். இன்டர்ஃபேஸில இருக்கிற சில்லு (சிப்) பிரீஅம்ப் அதைச் செய்யாது.

ஆனா அதை வாங்கிக் கெயினை அடியில வைச்சுப் பாவிச்சால் குடுத்த காசு வீண். உள்ளீட்டுக் கெயினை ஏத்தி, வெளியீட்டுக் குமிழை இறக்கி வைக்க வேணும், அப்பதான் நிறம். வெளியீட்டுக் குமிழ் இல்லாத மொடலை இந்த வேலைக்கு வாங்காதேங்கோ. கோல்டன் ஏஜ், வோர்ம் ஓடியோ ரெண்டு பேரும் இந்தப் பாணியில மலிவா செய்யினம். குரலுக்கு எனக்குப் பிடிக்கும். வீணைக்கு? அதின்ர மேல் சுரங்கள் எல்லாம் நுணுக்கமானது, நான் சுத்தமான பிரீஅம்பிலயே விடுவன்.

#11 கம்பியும்_ஈயமும்

இதில எங்களுக்குள்ள சண்டை இல்லை. நிறம் வேணும் எண்டு தெரிஞ்சு வாங்குறவர் வாங்கட்டும்.

கொழுவிற முறை மட்டும் கவனம். கனபேர் பிரீஅம்பின்ர எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளின்ர மூன்று முனைப் பிளக்) வெளியீட்டை இன்டர்ஃபேஸின்ர எக்ஸ்எல்ஆர் உள்ளீட்டிலயே குத்துவினம். அப்ப சத்தம் ரெண்டு பிரீஅம்புக்குள்ளால போகுது, முதல் குமிழ் அசைஞ்ச உடனே சிவப்பு எரியும். அதில 48 வோல்ட்டும் போட்டிருந்தால் அது பிரீஅம்பின்ர வெளியீட்டுக்குள்ள போய் ஏறும். ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர், மற்றப் பக்கம் மூன்று வளைய கால் அங்குல ஜாக் உள்ள சமநிலைக் கேபிள் எடுத்து, ஜாக்கை அதே துளையின்ர நடுவில குத்துங்கோ. அப்ப அது லைன் உள்ளீடு. 2ஐ2இல 'இன்ஸ்ட்' விளக்கு (கிட்டாரை நேரா கொழுவிற நிலை) அணைஞ்சிருக்க வேணும். கெயின் முழுக்க அடியில. பிரீஅம்பில +4 டிபியூ வரேக்க 2ஐ2 −18 டிபிஎஃப்எஸ்ஸுக்குக் கிட்டக் காட்டும், அதுதான் சரியான இடம்.

ரெண்டு வளைய கிட்டார் கேபிளைப் பாவிச்சால் ஹம் பிடிக்கும். சில ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாத வெளியீடுகளில பாதிச் சத்தம் தரையில சோட் ஆகித் திரிபும் வரும்.

#12 வெள்ளவத்தை_வீணை

விளங்குது. இப்ப என்ர அறையில பிரீஅம்ப் இரைச்சல் எவ்வளவு, அறை இரைச்சல் எவ்வளவு எண்டு எப்பிடிப் பிரிச்சுப் பாக்கிறது?

#13 கம்பியும்_ஈயமும்

ஒரு ஆண் எக்ஸ்எல்ஆர் பிளக், ஒரு 150 ஓம் ரெசிஸ்டர் (கால் வாட், 1 சதவீத மெற்றல் ஃபிலிம்). புறக்கோட்டையில ரெண்டும் சில்லறைக் காசு. ரெசிஸ்டரை 2ஆம், 3ஆம் முனைக்கு நடுவில ஈயம் வைச்சுப் பிடியுங்கோ. 1ஆம் முனையை பிளக்கின்ர உலோக உடம்போட ஒரு துண்டு வயரால சேருங்கோ, இல்லாட்டி உடம்பே ஏரியல் ஆகும்.

48 வோல்ட்டை நிப்பாட்டி, பிளக்கைக் குத்தி, கெயினை முழுக்கத் திருப்பி 30 வினாடி பதியுங்கோ. பிறகு பிளக்கைக் கழட்டி எஸ்எம்7பியை அதே கெயினில போட்டு, ஒருத்தரும் கதைக்காமல், ஃபேன் ஓட 30 வினாடி. ஃபேன் நிப்பாட்டி 30 வினாடி. மூண்டுக்கும் 80 ஹெர்ட்ஸில ஹை-பாஸ் (அதுக்குக் கீழ உள்ள சத்தத்தை வெட்டுற வடிகட்டி) போட்டு, ஓடாசிற்றி எண்ட பதிவு மென்பொருளில 'மெஷர் ஆர்எம்எஸ்' (சராசரி லெவலை அளக்கிறது) குடுத்து எண்ணை எழுதுங்கோ. ஒரே மீற்றரைப் பாவிக்க வேணும். சில மீற்றர் முழு அளவு சைன் அலையை 0 எண்டு காட்டும், சிலது −3 எண்டு காட்டும். மாத்தி மாத்திப் பாத்தால் இல்லாத 3 டெசிபலைத் தேடிக்கொண்டு திரிவீங்கள்.

அறை எண் பிளக் எண்ணை விட 10 டெசிபலோ அதுக்கு மேலயோ இருந்தால், பிரீஅம்ப் மாத்திறதைக் காது கண்டுபிடிக்காது.

#14 புதுச்செட்டித்தெரு

நடுவுல ஒரு கேள்வி. கடையில 48 வோல்ட் பெட்டி ஒண்டு பிஎம்800 மைக்கோட சேத்து விக்கிறாங்க. அதுவும் பிரீஅம்ப்தானே?

#15 தெமட்டகொட_நானா

இல்ல தம்பி. அது மின்சாரம் மட்டும் குடுக்குது, ஒரு டெசிபல் கெயினும் குடுக்காது. அதை லப்டொப்பின்ட மைக் துளையில குத்தினா அங்க இருக்கிற மலிவு பிரீஅம்ப்தான் வேலை செய்யுது, இரைச்சல் அப்படியே இருக்கும். 48 என்டு போட்டிருக்கிறதையும் நம்பவேணாம். மல்டிமீற்றரை 1ஆம் முனைக்கும் 2ஆம் முனைக்கும், பிறகு 1க்கும் 3க்கும் வச்சுப் பாருங்க. 44க்கும் 52க்கும் இடையில இருந்தா சரி, ரெண்டும் ஒரே அளவும் இருக்கணும். அந்தக் காசை வச்சிட்டு, ஃபாண்டம் உள்ள இன்டர்ஃபேஸ் ஒண்டுக்குச் சேருங்க.

#16 வெள்ளவத்தை_வீணை

அளந்திட்டன். பிளக்: −80. ஃபேன் ஓட: −63. ஃபேன் இல்லாமல் இரவு பதினொரு மணிக்கு: −70. ஃபேனைக் குறைச்சு வைச்சால் "ர்ர்" எண்டு வேற ஒரு சத்தமும் சேருது. லப்டொப் சார்ஜரைக் கொழுவினால் அது கூடுது.

#17 கம்பியும்_ஈயமும்

அப்ப பாருங்கோ: ஃபேன் ஓட அறை 17 டெசிபல் மேல, ஃபேன் இல்லாமல் இரவில 10 மேல. பிரீஅம்பை மாத்தி வாற 4, 5 டெசிபலை ஃபேன் விழுங்கிப்போடும். காசு அறைக்குப் போகட்டும். காலி வீதிப் பக்க யன்னலுக்குப் பாரமான திரை, கீழ்விளிம்பு இடைவெளிக்கு ரப்பர் பட்டி, மைக்கின்ர முதுகு யன்னலைப் பாக்க வைக்கிறது. வீணையின்ர குடத்துக்குக் கிட்ட 30இலயிருந்து 15 சென்ரிமீற்றருக்குப் போனால் மட்டுமே 6 டெசிபல் வரைக்கும் சும்மா கிடைக்கும். ஆனா குடத்தின்ர நேர் நடுவுக்குக் குறி வைக்காதேங்கோ, அடி ஸ்வரம் வீங்கும். குதிரைப் பக்கம் (கம்பிகளைத் தாங்கிற கட்டை) கொஞ்சம் சரிச்சு வையுங்கோ.

"ர்ர்" எண்ட சத்தம் ஃபேன் றெகுலேற்றர். குமிழ் வழுக்கிக்கொண்டு சுத்துற இலத்திரனியல் வகையோ? அது ஒவ்வொரு அரைச் சுழற்சியிலயும் மின்னை வெட்டி வெட்டி விடும், 100 ஹெர்ட்ஸும் அதின்ர மடங்குகளும் எல்லா வயரிலயும் ஏறும். பதியேக்க ஃபேனை நிப்பாட்டுங்கோ. ஓட்டத்தான் வேணும் எண்டால் முழு வேகம், இல்லாட்டி படிப்படியாத் திரும்புற பழைய வகை றெகுலேற்றர்.

சார்ஜர் விஷயம் மண் இணைப்பு. மூன்று முள் பிளக்கை ரெண்டு முள் அடப்டரில கொழுவி இருக்கிறீங்களோ பாருங்கோ. லப்டொப், மொனிட்டர் ஸ்பீக்கர், எல்லாத்தையும் சுவரில ஒரே 13 அம்பியர் சொக்கற்றில இருந்து ஒரே மல்டிபிளக்கால எடுங்கோ. ஹம்மை நிப்பாட்ட மண் வயரை வெட்டுற பழக்கம் இருக்கு; உயிராபத்து, செய்யாதேங்கோ. அவசரத்துக்கு சார்ஜரைக் கழட்டிப் பற்றரியில பதியலாம்.

#18 தெமட்டகொட_நானா

கொன்டென்சர் வாங்கப்போறா என்டா கொழும்பு ஈரப்பதன் பற்றியும் தெரிஞ்சிருக்கணும், அதுவும் கடல் பக்கம். டயஃபிரம்ல ஈரம் பிடிச்சா பொரியுற சத்தம் வரும், இடையிடையே "டப்" என்டு வெடிக்கும். பாதிப் பேர் பிரீஅம்ப்தான் பழுது என்டு நினைப்பாங்க. அதே கேபிள், அதே உள்ளீட்டுல எஸ்எம்7பியைப் போடுங்க, 48ஐ நிப்பாட்டிட்டு. பொரியுறது நிண்டா மைக். நிக்காட்டி கேபிள் அல்லது பிரீஅம்ப். குமிழைத் திருப்புற நேரம் மட்டும் கரகர என்டா கெயின் பொட் (குமிழுக்குள்ள இருக்கிற மாறுமின்தடை), கொன்டாக்ட் கிளீனர் போதும்.

பாவிச்சு முடிஞ்சதும் மைக்கை ஸ்டாண்டுல விடாம, காத்துப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில சிலிக்கா ஜெல்லோட போடுங்க. ஏசி அறையில இருந்து வெளிய எடுத்த மைக்கை உடன ஓன் பண்ணவேணாம், அதுல ஈரம் படிஞ்சிருக்கும். ஹெயார் டிரையர் பிடிக்கிற வேலையும் வேணாம்.

#19 பம்பலப்பிட்டி_பேஸ்

கச்சேரி மாதிரி மிருதங்கம், வயலின், தம்புரா எல்லாம் சேத்துப் பதிய வேணும் எண்டு வந்தால்? அப்ப பிரீஅம்ப் வாங்கத்தானே வேணும்?

#20 கம்பியும்_ஈயமும்

அப்ப வாங்க வேணும், காரணம் வாய்க் கணக்கு (ஒரே நேரத்தில எத்தினை மைக் கொழுவலாம் எண்டது). அதுக்கு வழி ஒளிநார் ஏடாட் உள்ளீடு (கன வாயின்ர சத்தம் ஒரே வயரில டிஜிட்டலா வாற வழி) இருக்கிற இன்டர்ஃபேஸ், 2ஐ2இல அது இல்லை. ஸ்கார்லெட் 18ஐ8 மாதிரி ஒண்டு வேணும். அதில பெஹ்ரிங்கர் ஏடிஏ8200 மாதிரி எட்டு வாய்ப் பெட்டியை ஒரே ஒளிநார் வயரால கொழுவலாம். 48 கிலோஹெர்ட்ஸில எட்டு வாய். டிஜிட்டல் கடிகாரத்தில (பதிவின்ர தாளத்தைக் காக்கிற துடிப்பு) ஒரு பெட்டி தலைமை, மற்றது பின்தொடர வேணும். ரெண்டும் தன்பாட்டில ஓடினால் சில வினாடிக்கு ஒருக்கா "டிக்" எண்டு வெட்டும், அதையும் பிரீஅம்ப் பழுது எண்டு நினைக்கிற ஆக்கள் இருக்கினம். ஏடிஏ8200இல 48 வோல்ட் எட்டுக்கும் ஒரே சுவிட்ச். டைனமிக்குக்கு அது பாதகமில்லை, கேபிள் ஒழுங்கா இருந்தால். பழைய ரிப்பன் மைக்கை மட்டும் அதில கொழுவாதேங்கோ, முனை ஒண்டு சோட் ஆன கேபிளால ரிப்பன் நாடா அறுந்துபோகும்.

நாதசுரம், தவில் எண்டால் பிரச்சினை தலைகீழ். கெயின் காணாதது இல்லை, கூடினது. தவிலின்ர அடி மைக்கில 130 டெசிபல் தொட்டால் என்டி1-ஏ +6 டிபியூ தரும். 2ஐ2 தாங்கிறது +9. மூண்டே டெசிபல் மிச்சம். அங்க கொன்டென்சரை எடுத்திட்டு எஸ்எம்57 டைனமிக் மைக் போடுங்கோ, இல்லாட்டி 20 டெசிபல் பாட் (pad, லெவலைக் குறைக்கிற துண்டு) ஒண்டு நடுவில.

#21 வெள்ளவத்தை_வீணை

எல்லாருக்கும் நன்றி. என்டி1-ஏ தான் பாக்கப்போறன், பிரீஅம்ப் இப்ப இல்லை. கடைசியா ஒண்டு: ரொறொன்ரோவில இருக்கிற மாமா பாவிச்ச 1073 பாணிப் பெட்டி ஒண்டைச் சும்மா அனுப்புறன் எண்டுறார். வேண்டாமெண்டு சொல்லவோ?

#22 தெமட்டகொட_நானா

சும்மா வாறதை யார் வேணாம் என்டுறது! ஆனா கொழுவ முதல் பின்பக்கத்தைப் பாருங்க. 115/230 மாத்துற சுவிட்ச் இருந்தா 230க்குத் தள்ளி, ஃபியூஸையும் அதுக்கு ஏத்த அளவுக்கு மாத்துங்க. வோல்ட் இரட்டிச்சா ஃபியூஸ் அம்பியர் பாதி. 120 மட்டும் என்டு இருந்தா 230–110 ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் ஒண்டு வேணும். அதையும் பிரீஅம்புக்கு ஒரு மீற்றர் தள்ளி வையுங்க, பக்கத்துல வச்சா 50 ஹெர்ட்ஸ் ஹம் நேரா உள்ள ஏறும்.

வெளி அடப்டர்ல ஓடுற வகை என்டா, அடப்டர் வெளியீடு ஏசியா டிசியா என்டு எழுதியிருக்கிறதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ஏசி 24 கேட்கிற பெட்டிக்கு இங்க கிடைக்கிற டிசி 24 சரிவராது.

#23 கம்பியும்_ஈயமும்

அடப்டர் லேபிள் படத்தை இங்க போடுங்கோ. அம்பியர் அளவையும் பாத்து, உள்ளூரில சுத்துவிக்கக்கூடிய ட்ரான்ஸ்ஃபோமர் அளவு சொல்லுறன்.